வெறுங்கையோடு வருகிறவர்கள்

ஹாஸ்டலில் என்னைப் பார்க்க அநேகமாக யாரும் வரமாட்டார்கள். அதனாலோ என்னவோ, மற்றவர்களைப் பார்க்க வருகிறவர்களை முதலில் கண்டுபிடித்துச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. யாரும் கொடுத்த வேலையல்ல. நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

எழுபதுகளின் தொடக்கம். உடையார்பாளையத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஓர் ஏரிக்கரையில் இருந்தது எங்கள் பெண்கள் விடுதி. ஒரு காலத்தில் நெல் கொட்டி வைத்த கிடங்கு. முப்பது பேருக்கென்று ஆரம்பித்த இடத்தில் எழுபது பேர் இருந்தோம். ஒருத்தி புரண்டு படுத்தால் அந்த வரிசையே புரண்டு படுக்க வேண்டும். சுவரோரம் தகரப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்போம். அடிப்பெட்டிக்காரிக்கு ஒரு பாவாடை வேண்டுமென்றால் நாலு பேரைக் கெஞ்ச வேண்டும். காலையில் படித்துறையில் ஒரு சோப்பு பத்துக் கை மாறும். சாம்பாரில் பருப்பு கிடைத்தவள் தட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவாள். எப்போதடா இங்கிருந்து தப்பிப்போம் என்றுதான் அப்போது நினைத்தேன். இன்று எனக்கென்று தனி அறையும் கட்டிலும் இருக்கின்றன. அந்த நெரிசலுக்கு மனசு ஏங்குகிறது என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க வரும் நாள். பஸ் ஏரியின் எதிர்க்கோடியில் நிற்கும். இறங்கியவர்கள் கரைமேலேயே நடந்து வர வேண்டும். முதலில் பனைமரங்கள், அப்புறம் மதகு, அப்புறம் ஐயனார் கோயில், அதற்கும் அப்புறம் எங்கள் வாசல். கால் மணி நேர நடை. படித்துறையில் உட்கார்ந்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வருகிறவர்கள் அத்தனை பேரும் தெரிவார்கள். முகம் தெரியாது, நடை தெரியும். எனக்கு அது போதும். பனைமரத்தைத் தாண்டுவதற்குள் இது யார் அப்பா, இது யார் அத்தை என்று சொல்லிவிடுவேன். "ஏ புள்ள, உங்க மாமா வர்றாரு. பை பெருசா இருக்கு, எங்களுக்கும் வெச்சுட்டுத் தின்னு" என்று நான் கத்தினால், உரியவள் ஈரத் துணியைப் போட்டது போட்டபடி ஓடுவாள்.

என் ஊர் பெரம்பலூருக்கு மேற்கே. மூன்று பஸ் மாற வேண்டும். அம்மா வெங்காயக் காட்டில் களையெடுக்கப் போகிறவள். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பையோடு வந்தால் பார்க்க வருகிறார்கள். முறுக்கோ வேர்க்கடலையோ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்விடுவார்கள். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தால் பெண்ணைக் கூட்டிப்போக வருகிறார்கள் என்று அர்த்தம். பெட்டியையும் பாயையும் தூக்க இரண்டு கையும் வேண்டுமே. கூட்டிப்போவது என்றால் பெரும்பாலும் கல்யாணத்துக்கு. தூரத்தில் வெறுங்கை தெரிந்தால் "வெறுங்கை, வெறுங்கை!" என்று கத்துவேன். யாருக்கு என்று தெரிகிற வரைக்கும் எழுபது பேரும் கரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தக் கத்தலுக்குப் பலன் இருந்தது. கார்த்திகை மாதம் மீன்சுருட்டிப் பெண் ஒருத்தியைக் கூட்டிப்போக அவளுடைய சித்தப்பா வந்தார். நான் பனைமரத்திலேயே அவரைப் பிடித்துவிட்டேன். அவள் சமையல்கட்டு வழியாக ஓடி, பின்தெருவில் இருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்குள் புகுந்துகொண்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து சித்தப்பாவை உட்காரவைத்து, பரீட்சை முடியட்டும் என்று அரை நாள் பேசினார். மனிதர் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். ஆனால் ஓடுவது முன்னாலேயே நடக்க வேண்டும். எதிரில் வந்து நின்றுவிட்டால், வரமாட்டேன் என்று பெற்றவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன பெண் எங்களில் ஒருத்திகூடக் கிடையாது.

என் பாய்க்கு அடுத்த பாய் என் சிநேகிதியுடையது. வரதராஜன்பேட்டைப் பக்கத்துக்காரி. முந்திரித் தோப்பும் கொஞ்சம் புன்செயும் வைத்திருந்த குடும்பம். நாங்கள் இருவரும் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் அவள் புலி. நான் அவளைப் பார்த்து எழுதிப் பிழைத்தவள். அவளுக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது. போர்டில் எழுதுவதை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். "நீதாண்டி என் கண்ணு" என்பாள். அவள் அப்பா மாசத்துக்கு ஒரு தடவை அதிரசத்தோடு வருவார். அதில் பாதி எனக்கு. "என் அப்பாவையும் பாதி எடுத்துக்க" என்று கிண்டல் செய்வாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவள் முகம் சரியில்லாமல் இருந்தாள். மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்களாம். "பரீட்சை மட்டும் எழுதிட்டாப் போதும்டி. அப்புறம் எங்க வேணாலும் கழுத்த நீட்டறேன்" என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவைத்திருந்தாள். அவரும், யார் வந்தாலும் தன்னிடம் ஓடி வந்துவிடச் சொல்லியிருந்தார். என்னிடம் அவள் தனியாக எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்திருப்பாள்.

தை கடைசி ஞாயிறு. மற்றவர்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்குக் குளித்துவிட்டு நான் படியில் உட்கார்ந்திருந்தேன். மேல்படியில் அவள் உட்கார்ந்து எனக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டை விட்டு வந்ததிலிருந்து என் தலையை இன்னொருவர் தொட்டுச் சீவியதில்லை. எழுபது பேரும் அவரவர் தலையை அவரவர் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற இடம் அது. அன்று அவளாகவே, "காக்கா கூடாட்டம் வெச்சிருக்க. உக்காரு, நான் பின்னிவுடறேன்" என்றாள். வலிக்காமல் எடுத்தாள். வகிடு எடுக்க விரல் நுனியால் கோடு போட்டபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்லவேளை, முதுகுப் பக்கம் இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

பஸ் வந்து நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள். அதில் ஒருவர், வலது காலை வெளியே தள்ளித் தள்ளி நடக்கிறவர். பனைமரத்துக்கு வரும் முன்பே அவள் அப்பா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை இரண்டும் வெறுமனே ஆடிக்கொண்டு வந்தன.

நான் கத்தவில்லை. மதகுக்கு வரட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அவள் எழுந்து ஓடுவாள். கையை என் தலையிலிருந்து எடுத்துவிடுவாள். சத்தியமாக என் மனசில் ஓடியது அவ்வளவுதான். ஒரு பக்கச் சடையை மட்டும் முடிக்கட்டும் என்று இருந்தேன். அவர் மதகைத் தாண்டினார். ஒரு பக்கம் முடிந்தது. கோயிலுக்கு வரட்டும் என்றது மனசு. அவள் எங்கள் கணக்கு வாத்தியாரைப் போல மூக்கால் பேசிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். கோயிலையும் தாண்டிவிட்டார். அதற்குமேல் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"கெளம்பும்மா" என்றார் அவள் அப்பா, படித்துறைக்கே வந்து நின்று. "அம்மாவுக்கு ஒடம்பு முடியல. நாலு நாள்ல கொண்டாந்து வுட்டுடறேன்." சொன்ன கையோடு, பெட்டி எது என்று கேட்டார். நாலு நாளைக்குப் போகிறவளுக்குப் பெட்டி எதற்கு என்று அங்கே நின்ற யாரும் கேட்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "நீ பாக்கலியாடி?"

"இல்லடி. நீ சிக்கெடுக்கறேன்னு தலய அமுக்கிப் புடிச்சிருந்தல்ல."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். எனக்கு இன்னொரு பக்கம் தலை விரிந்து கிடந்தது. "உக்காரு" என்றாள். அப்பா பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு காத்திருக்க, அந்தப் பக்கத்தையும் பின்னி, ரிப்பனை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் எழுந்தாள். கரைமேல் அவர்கள் நடந்து போனதை, பஸ் ஏறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கத்தான் எனக்கு நன்றாகத் தெரியுமே.

மூன்று நாள் அந்தச் சடையை அவிழ்க்கவில்லை. வார்டன் அம்மா பேன் வரும் என்று திட்டித்தான் அவிழ்த்தேன். பரீட்சைக்கு எனக்கு முன்னால் இருந்த பெஞ்சு காலியாகக் கிடந்தது. நான் பாஸ் செய்தேன், டீச்சர் டிரெயினிங் போனேன், அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. எத்தனையோ பேருக்குத் தலை பின்னிவிட்டேன். என் தலையில் அவள் விரல் போட்ட கோட்டுக்கு நான் ஏங்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அந்த ஏக்கத்துக்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் ஒருத்தி நடந்து போனாள். அப்பாவைப் போலவே வலது காலைக் கொஞ்சம் தள்ளி வைக்கிற நடை. முன்பு இதை நான் கவனித்ததே இல்லை. கூப்பிட்டேன். திரும்பினாள். தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். என்னைத் தெரிந்ததும் ரோட்டிலேயே கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மகளை அன்றைக்குத்தான் அரியலூரில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வருகிறாளாம். ஒன்பதாவது. கணக்கில் கெட்டிக்காரியாம்.

"எங்க வூட்டுல இப்பவே மாப்பிள்ளப் பேச்சு எடுக்கறாங்கடி. பரீட்ச எழுதி முடிக்கட்டும்னு ஒத்தக் கால்ல நின்னு சேத்திருக்கேன். எந்நேரம் யாரு போயி கூட்டியாந்துடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உன்னாட்டம் ஒருத்தி அவ பக்கத்துல இருந்தாப் போதும். எனக்குக் கவலயில்ல."

"இருப்பாடி" என்றேன்.