கொக்கும் முருங்கை நத்தையும்

சுல்பா தன் புருஷனுக்குக் கொக்கு என்று பட்டம் வைத்திருந்தாள். பின்னே என்ன? யுத்தம் முடிந்து மன்னார்ப் பக்கம் பாதை திறந்ததிலிருந்து ஜவ்பருக்கு ஒரு கால் புத்தளத்தில், மறு கால் பழைய ஊரில். இரண்டையும் சேர்த்து ஊன்றி அவர் நின்றதே இல்லை.

அவரும் லேசுப்பட்டவரா? கோடையெல்லாம் வாயை அடைத்துக்கொண்டு வளவு முருங்கையில் ஒட்டிக் கிடக்கும் நத்தையைக் காட்டுவார். “இந்தா, உன்ட கூடப்பொறந்தவ. மழை பெஞ்சாத்தான் அசைவா.”

“நத்தைக்கு வூடு முதுகுலயே இரிக்கி. கொக்குக்கு வூடே இல்ல,” என்பாள். பேச்சில் அவளை வெல்ல முடியுமா!

ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் பயம் இருந்தது. தொண்ணூறில் இயக்கத்தார் துவக்கைக் காட்டி முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது, கைக்குழந்தை ருஷ்தாவோடும் ஒரு பையோடும் வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவள் அவள். “ஒருக்கா ஓடினது போதும்,” என்று ஒரே பிடியாக நின்றாள். பழைய ஊரில் அவர் சுவர் எழுப்பினார், கூரை போட்டார். இவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த மாரியில் களப்பில் கொக்குகள் வந்து இறங்கிய நேரம் போன் வந்தது.

“கதவும் போட்டுட்டன். ஒரு நாளாவது வந்து சோறாக்கு புள்ள.”

குரல் இளைத்திருந்தது. என்னவோ, அவளுக்கு மனசு இளகிவிட்டது. “ஓம், வெள்ளிக்கிழமை வாறன்,” என்று சொல்லிப் பையில் சாரிகளை மடித்து வைத்தாள்.

வியாழன் காலையிலேயே மௌத்துச் செய்தி வந்துவிட்டது. மாரடைப்பாம்.

வேன் பிடித்து ஓடினார்கள். காட்டுப் பாதை கிட்ட என்று அவசரத்தில் எலுவன்குளம் போனால், ஆறு பாதைக்கு மேலால் பாய்கிறது. திரும்பி வந்து பெரிய றோட்டில் சுற்றிப் போகையில் போன் வந்தது. இனியும் வைத்திருக்க ஏலாமல் அடக்கிவிட்டார்களாம். பாவி மனுஷிக்கு முகம் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை.

அவளுடைய அண்ணன் நளீம் நானா வேனைத் திருப்பச் சொன்னார். “நீ குடியிருந்த வூட்டுலதான் இத்தா இரிக்கணும்.”

“அந்த வூடும் எனக்குத்தானே கட்டினாரு, நானா!”

அவள் கதறக் கதற வேன் புத்தளத்துக்கே திரும்பியது.

இனி நாலு மாதம் பத்து நாள், இத்தா முடியும்வரை, விதவை வாசல் தாண்ட முடியாது. வெளியே மழை. ஜன்னலால் பார்த்தாள். நத்தை வாய் திறந்து, முருங்கையில் மேலே ஊர்ந்துகொண்டிருந்தது.

ருஷ்தா பையைத் திறந்து சாரிகளை எடுக்கப் போனாள்.

“அதத் தொடாத மகள்,” என்றாள் சுல்பா. “வாறன் எண்டு அவருக்குச் சொல்லியிரிக்கன்.”