மாடி அறைக்கு ஒரு வாட் மீட்டர்

எங்கள் ஆம்பூர் வீட்டு மாடி அறைக்குக் கரண்ட் இணைப்பு கிடையாது. கூரை ஷீட்டின் மேல் ஒரு சோலார் பேனல், மூலையில் சிறிய பேட்டரி. அதில் ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் ஓடும். கம்பெனியிலிருந்து வரும் ஷூ மேல்பகுதித் தோல்களை என் மனைவி அங்கே உட்கார்ந்துதான் கையால் தைப்பாள். கீழே அவற்றைப் பரப்ப இடமில்லை. கொஞ்ச நாளாக, புழுக்கம் கூடியதிலிருந்து, இரவு ஏழரை மணிக்கே விளக்கு மங்கி அணைந்துவிடும். இன்னொரு முறை தைக்கக் கொடுத்த பீஸ் முடியாமல் கிடந்தால் வேலையை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாக கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“பேட்டரி போய்ட்டுச்சுங்க” என்றாள் மனைவி.

அளந்து பார்க்காமல் எதையும் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் பேனலின் வயரைக் கழற்றினேன்; பிறகு பேட்டரியின் வயர்களை. மீட்டரின் ஒரு பக்கத்து வயர்கள் பேட்டரிக்கு, மறுபக்கத்து வயர்கள் சுவிட்ச் போர்டுக்கு. சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு டேப் சுற்றினேன்.

விளக்கையும் ஃபேனையும் போட்டதும் மீட்டர் ஒன்பது வாட் காட்டியது. இவ்வளவு கம்மியாக இழுத்தும் தாங்கவில்லை என்றால் பேட்டரிதான் கெட்டது என்று நானும் நினைத்தேன். அவள் ஃபேனை நிறுத்தினாள். மறுபடி போட்டாள். எண் அசையவில்லை.

“இன்னாங்க இது? ஃபேன் ஓடனாலும் ஒம்போது, நின்னாலும் ஒம்போது. உங்கள மாதிரியே பாதிதான் காதுல வாங்குது.”

ஃபேன் வயரைக் கையால் தொட்டுக்கொண்டே போனேன். போன கோடையில் மாட்டியபோது அதன் கறுப்பு வயரை நேராகப் பேட்டரி முனையிலேயே முறுக்கியிருந்தேன். இந்த மீட்டரோ தன் கறுப்பு வயர் வழியாகத் திரும்பும் கரண்டை வைத்துத்தான் கணக்கிடும். ஃபேன் அதற்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வயரை மீட்டரின் மறுபக்கத்துக்கு மாற்றினேன்.

முப்பத்தேழு.

ஃபேனை நடு வேகத்துக்குக் குறைத்தேன். இருபத்தொன்று.

“அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்குது. ஃபேன்தான் ஜாஸ்தி தின்னுது. நடுவுலயே ஓடட்டும்” என்றாள். “வேர்த்தா தொடச்சிக்கலாம். பீஸ் கைய விட்டுப் போனாதான் பேஜாரு.”

பேட்டரியை இணைத்தபடியே விட்டு, பேனலையும் மாட்டினேன். பகல் முழுக்க வெயில் நன்றாக அடித்தது.

அன்று எட்டு மணிக்கு நான் மேலே போனபோது விளக்கு மங்கவில்லை. கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கடைசி ஜோடியின் நூலை நறுக்கி, எல்லாவற்றையும் பையில் அடுக்கினாள். பிறகு எழுந்து போய் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, அதன் கீழே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“இப்ப எவ்ளோ வேணா இழுக்கட்டும்.”