தொண்ணூறுக்கு மேலே

மலாயாவின் ஜொகூர் பாருவில் பில்லியர்ட்ஸ் ஆடியவர்களிடம் கனகராஜைப் பற்றிக் கேட்டால் ஒன்றைத் தவறாமல் சொல்வார்கள்: நூறு புள்ளி ஆட்டத்தில் தொண்ணூறைத் தாண்டிவிட்டால் அவனை அசைக்க முடியாது. ஆனால் பத்தொன்பது வயதில் அந்தத் தொண்ணூறுக்கு மேலேதான் அவன் தலைகுப்புற விழுந்தான்.

அது 1932. ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பில்லியர்ட்ஸ் கூடத்தில் அவன் மார்க்கர். பந்து எடுத்து வைப்பது, புள்ளி எண்ணுவது, ஜோடியில்லாமல் வருபவரோடு ஆடுவது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தோற்பது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தவர்தான் நாளைக்கும் வருவார் என்பது தவுக்கேயின் கணக்கு. சும்மா தோற்றாலும் போதாது. தொண்ணூறு வரை வந்தவரைத் திணற அடித்துவிட்டு, கடைசியில் தன் பந்து குழியின் விளிம்பை உரசி விலகிப் போகும்படி அடிக்க வேண்டும். அந்த வித்தையில் நம்ம ஆளை அடித்துக்கொள்ள ஊரில் ஒருவரும் கிடையாது.

இப்படி இரண்டு வருடமாக அவனை ஜெயித்துக்கொண்டிருந்தவர் ஏரம்பமூர்த்தி, ரயில்வே கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். ஜெயித்த சந்தோஷத்தில் அவனுக்குக் காப்பி வாங்கித் தருவார். இவரை நினைத்த நேரத்தில் சாய்த்துவிடலாம் என்ற எண்ணம் அவன் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த வருடம் ரப்பர் விலை விழுந்தது. உலு திராம் தோட்டத்தில் வேலை போன அவன் அம்மா அங்கம்மா, அவனுடைய ஒற்றை அறைக்கே வந்து சேர்ந்தாள். அவளிடம் மிஞ்சியிருந்தது காதில் கிடந்த கம்மல் மட்டும்தான்.

"ஒரே ஒரு ஆட்டம்மா. ரெண்டு மடங்கா கொண்டாந்துடுறேன்."

அவள் கழற்றிக் கொடுத்தாள். அடகுக்கடையில் இருபது வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், கிடைத்தது. ஆறு மாதத்தில் மீட்காவிட்டால் கம்மல் கடைக்கே சொந்தம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆளுக்கு இருபது வெள்ளி பந்தயம். நூறு புள்ளி எடுப்பவருக்கு ஜெயம். கனகராஜ் விறுவிறுவென்று தொண்ணூற்றேழுக்குப் போய்விட்டான். ஏரம்பமூர்த்தி எண்பத்தெட்டு. சிவப்புப் பந்து குழியின் வாயில் நின்றது. தள்ளிவிட்டால் மூன்று புள்ளி, ஆட்டம் முடிந்தது. கனகராஜ் அடித்தான். பந்து விளிம்பை உரசி, அழகாக விலகிப் போயிற்று. அடுத்த முறையும் அப்படியே. மனம் ஜெயிக்கச் சொன்னது. தோற்றே பழகிய கை கேட்கவில்லை. ஏரம்பமூர்த்தி ஒவ்வொன்றாகச் சேர்த்து நூறைத் தொட்டார்.

ஆனால் அவர் பணத்தை எடுக்கவில்லை. இரண்டு வருடமாகத் தான் ஜெயித்த ஆட்டங்களிலும் பந்து இப்படித்தான் விலகிப் போனது அவருக்கு நினைவு வந்துவிட்டது. முகம் சிறுத்துவிட்டது.

"தம்பி, உண்மையைச் சொல்லும். இவ்வளவு நாளும் வேணுமெண்டே எனக்கு விட்டுத் தந்தனீர் என்ன?"

கனகராஜ் ஆமென்று தலையசைத்தான்.

"இண்டைக்குமோ? அப்பிடியெண்டால் இந்தக் காசை நான் தொடமாட்டன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், கம்மல் திரும்பி வந்துவிடும்.

"இல்லீங்கய்யா. இன்னிக்கு ஜெயிக்கத்தான் ஆடுனேன். முடியல."

ஏரம்பமூர்த்தி நாற்பது வெள்ளியையும் எடுத்துக்கொண்டார். அன்று காப்பி இல்லை.

வீட்டில் அங்கம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே அவன் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

"பொய் சொல்லியிருந்தா கம்மல் வந்திருக்கும்மா."

அவள் எழுந்து போய் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள். இன்றைக்குச் சரியான பூசை என்று அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, சின்னதாக இரண்டு துண்டு ஒடித்து, வெறுங்காதில் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசம் இருக்குல்ல. கம்மல் வர்ற வரைக்கும் ஓட்டை தூந்து போயிடக்கூடாது" என்றாள்.