ஏழாவது கேமரா யாருக்கு?

அந்தக் கேமராக் கடையில் அவளுக்குப் பெயர் 'வேணாம்க்கா'. யார் வைத்தார்களோ, பதினாலு வருஷமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைக்குள் வருகிறவர்கள் கண்ணாடி அலமாரியில் இருப்பதிலேயே பெரியதைக் காட்டி, "அதை எடுங்க" என்பார்கள். இவள் எடுக்கமாட்டாள். "அது வேணாம்ங்க. அதைக் கழுத்துல மாட்டிட்டு நாலு தெரு நடந்தா அஞ்சாவது தெருவுல டாக்டரைத்தான் தேடணும்" என்று ஆரம்பித்துவிடுவாள். விற்க நிற்கிறவளே வேண்டாம் என்கிறாளே என்று வந்தவர்கள் முழிப்பார்கள். முதலாளியும் முதலில் தலையில் அடித்துக்கொண்டவர்தான். போனவர்கள் தம்பியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு திரும்பி வர ஆரம்பித்ததும் கப்சிப்பென்று ஆகிவிட்டார்.

அவள் எல்லோரிடமும் மூன்று கேள்விகள் கேட்பாள். எதைப் படம் எடுக்கப்போறீங்க? கேமராவை எங்கே வச்சிருப்பீங்க? எடுத்ததை யார் பார்ப்பாங்க? மூன்றுக்கும் பட்டென்று பதில் வந்தால்தான் பெட்டியைத் திறப்பாள். இல்லையென்றால், "வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வாங்க, கடை எங்கயும் ஓடிப்போயிடாது" என்று அனுப்பிவிடுவாள்.

இப்படி ஊருக்கெல்லாம் கேமரா எடுத்துக் கொடுத்தவளிடம் சொந்தமாக ஒன்று கிடையாது. ஆசை இல்லாமலா? கொள்ளை ஆசை! இரண்டு தடவை பெட்டியோடு பில் போடும் மேசைவரைக்கும் போயிருக்கிறாள். ஆனால் அவள் கேள்வியே அவளை மடக்கிவிடும். முதல் இரண்டுக்கும் பதில் இருந்தது. மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்வாள். நான் எடுக்கிறதை எவன் உட்கார்ந்து பார்க்கப்போகிறான் என்று தோன்றும். பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்து நின்றுகொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை ஏழாவது வந்து சேர்ந்தது. ஒரே கம்பெனியின் ஆறு மாடல் மிரர்லெஸ் கேமராக்கள் ஏற்கெனவே அலமாரியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் 'இது யாருக்கு?' என்று தலைப்பிட்டு அவள் கையால் எழுதிய அட்டை இருக்கும். 'மலை ஏறுகிறவர்களுக்கு. விழுந்தாலும் உடையாது. நீங்கள் விழுந்தால் கடை பொறுப்பல்ல' என்று ஒன்று. 'கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர்களுக்கு. மற்றவர்கள் வேடிக்கை மட்டும் பார்க்கவும்' என்று இன்னொன்று.

"புதுசா கத்துக்கறவங்களுக்காம். இப்படித்தானே போன வருஷம் ஒண்ணை அனுப்பினானுங்க! இந்தக் கம்பெனிக்காரனுங்க தூங்கவே மாட்டானுங்களா?" என்று முதலாளி அலுத்துக்கொண்டார். "அஞ்சு பெட்டி வந்திருக்கு. பழகிப் பார்க்க ஒண்ணு தனியா குடுத்திருக்கான். அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. சனிக்கிழமைக்குள்ள அட்டை எழுது. யாருக்குன்னு உன்னாலயே சொல்லமுடியலைன்னா மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடறேன்."

அன்றைக்கு ராத்திரியே சாப்பாட்டு மேசையில் பழைய பில் ஒன்றின் பின்பக்கம் கோடு கிழித்து எழுத உட்கார்ந்தாள். படத்தின் தரம் ஐந்தாவதில் இருக்கிற அதேதான். எதிரே நிற்பவர் கண்ணைத் தேடிப் பிடித்துக் கூர்மையாக்குவதிலும் சூரன். ஆனால் விரலால் திருப்ப இரண்டு சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான். கை நடுங்கினால் சமாளித்துக்கொள்ளும் வசதி கிடையாது. முதல்முறை வாங்குகிறவருக்கு மூன்றாவதே போதும். கொஞ்சம் தேறினவருக்கு ஐந்தாவது இருக்கிறது. நடுவில் இது எதற்கு? அவளுக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

காலையில் புருஷன் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர். குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது கிளிக் என்று சத்தம் கேட்டது.

"இதைப்போயா எடுக்கறே? இரு, நல்லதா ஒரு போஸ் குடுக்கறேன்."

"நீங்க போஸ் குடுத்தா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்குங்க. பேசாம லேஸைக் கட்டுங்க."

மாமியார், "என்னை எடுக்காதேம்மா, சொல்லிட்டேன்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனார். தலையை வாரிக்கொண்டு வந்து ஜன்னலோரமாக உட்கார்ந்தார். வெளிச்சம் சரியில்லையோ என்று நாற்காலியை வேறு நகர்த்திப் போட்டார். பிறகு டிவியில் செய்தி வாசிக்கிறவரை விரலை நீட்டித் திட்ட ஆரம்பித்ததும் கேமராவை மறந்தே போனார். அப்போதுதான் இவள் எடுத்தாள்.

நாலு நாளும் எடுத்தாள். பஸ் ஸ்டாப்பில் குடைக்குள் இடித்துக்கொண்டு சிரித்த மூன்று நர்ஸுகளை எடுத்தாள். டிப்போ குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த டிரைவர்களை எடுத்தாள். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியம்.

"இவ்வளவு பிடிச்சிருக்கில்ல, வாங்கிடேன்" என்றார் புருஷன்.

"வாங்கி? யாருங்க பார்க்கறது?"

"ஏன், நான் பார்க்கறேனே?"

"நீங்க உங்களை மட்டும்தான் பார்ப்பீங்க."

சனிக்கிழமை காலை கேமராவை முதலாளி மேசையில் வைத்தாள். "எனக்கு யாரையும் தோணலை. திருப்பி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குள் போய்விட்டாள். சொன்ன வாய் கசந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காத டிரைபாட்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

கேமரா கைவிட்டுப் போன துக்கத்தில் ஒன்றை மறந்திருந்தாள். கேமராவைத் திருப்பித் தரும்போது மெமரி கார்டைக் கழற்றிவிட்டுத்தான் தரவேண்டும். மேசைக்கு மேலே சிவப்பு மையில் எழுதி ஒட்டியதே அவள்தான். கார்டோடு கொண்டுவந்து தருகிறவர்களை வாங்கு வாங்கென்று வாங்குகிறவளும் அவள்தான்.

வெளியே ஒரே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தாள். கடையின் பெரிய டிவியில் மாமியார் விரலை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயையோ! யாரு இதைப் போட்டது?"

போட்டது ரிப்பேர் பார்க்கிறவர். கடையில் எல்லோரும் அவரை டாக்டர் என்பார்கள். "மூடியைத் திறந்தேன், கார்டு இருந்துச்சு" என்றார், ஒன்றும் தெரியாத பிள்ளைபோல. "யார் பார்ப்பாங்கன்னு கேட்டுட்டே இருப்பியே, எண்ணிக்கோ."

பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எவரும் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. "அப்படியே எங்க அத்தை!" என்று ஒரு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேணாம்க்கா ஒவ்வொரு தலையாக இரண்டு தடவை எண்ணினாள். நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அப்புறம் எந்தக் கேமராவில் எடுத்தது, எந்தக் கேமராவில் எடுத்தது என்று ஒரே நச்சரிப்பு. அவள் யாரையும் சும்மா விடவில்லை, மூன்று கேள்வியும் கேட்டாள். இரண்டு பேரை யோசித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினாள். அப்படியும் மத்தியானத்துக்குள் நான்கு பெட்டி போய்விட்டது. ஒன்று மிச்சம்.

அப்போது ஒரு தபால்காரர் வந்தார்.

"எதைப் படம் எடுக்கப்போறீங்க?"

"பூனைங்க. தெருவுக்கு ரெண்டு இருக்கு, எல்லாம் எனக்குப் பழக்கம்."

"எங்கே வச்சிருப்பீங்க?"

"இதோ, இந்தத் தபால் பையில. அதான் சின்னதா கேக்கறேன்."

"எடுத்ததை யார் பார்ப்பாங்க?"

"பூனை வளர்க்கறவங்கதான். காகிதத்துல பிரிண்ட் எடுத்து அவங்க தபால் பெட்டியிலயே போட்டுடுவேன்."

பாவி மனுஷன், ஒன்றிலாவது தடுமாறக்கூடாதா? பதினாலு வருஷத்தில் இவ்வளவு சரியான பதில் அவள் கேட்டதில்லை. எடுத்துக்கோங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"வேணாம்ங்க" என்று வந்தது.

"ஏங்க? எனக்குச் சரிப்படாதா?"

இந்த மேசையில் நின்று அவள் ஒரு பொய் சொன்னதில்லை. பெட்டியை இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க. ஆனா இந்தப் பெட்டி வேணாம். இது என்னோடது."

முதலாளி, "வர்றவங்களைத் திருப்பி அனுப்பறதே உனக்குப் பொழைப்பாப் போச்சும்மா" என்றார். சொல்லிக்கொண்டே அவள் பெயருக்குப் பில் போட ஆரம்பித்தார்.

அவள் பேனாவை எடுத்து அட்டையை எழுதி, காலியான இடத்தில் நிறுத்தி வைத்தாள். தபால்காரர் குனிந்து வாய்விட்டுப் படித்தார். "இது யாருக்கு? 'கேமரா நமக்கெதுக்கு' என்று இத்தனை நாள் சும்மா இருந்தவர்களுக்கு." நிமிர்ந்தார். "அட, இது நான்தானேங்க!"

"ஆமாங்க. உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை வேற பெட்டி வந்துடும்" என்றாள் அவள். "உங்களுக்கு முன்னாடி வரிசையில நான் நிக்கறேன்."