நிலவறையில் நாதஸ்வரம்

சுவிஸ் நகரமான பாசலில் ஒரு கச்சேரி. சீனாவின் நாஷி இன முதியவர்கள், பழைய இசைக்கு அரசு தடைபோட்ட காலத்தில் மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றிய வாத்தியங்களை வாசித்தார்கள். சபை எழுந்து கைதட்டியது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

என் சிறுவயதில், இதே நாட்டின் ஷ்லீரன் ஊரில், அடுக்குமாடி வீட்டில் அப்பா ஞாயிறு மத்தியானங்களில் நாதஸ்வரம் வாசிப்பார். கீழ்வீட்டுக்காரர் ஏறிவந்து, “இது இசையில்லை, இரைச்சல்” என்றார். அப்பா நிலவறைக்குப் போய், உருளைக்கிழங்கு மணக்கும் இருட்டில், இரும்புக் கதவைச் சாத்திவிட்டு வாசித்தார். குடியிருப்புக்காரர்கள் அந்தக் கதவுக்கும் பூட்டுப் போட்டார்கள். “இனிக் காணும் பிள்ளை, போதும்” என்று நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியைக் கழற்றித் துணியில் சுற்றியவர், சாகும்வரை நாதஸ்வரத்தைத் தொடவில்லை.

பக்கத்து இருக்கையிலிருந்த சுவிஸ் பெண்மணி கண்களைத் துடைத்துக்கொண்டு, “இப்படியான இசையைக் காப்பாற்ற வேண்டும்” என்றார்.

“என் அப்பாவின் இசையை இந்த நாட்டில்தான் பூட்டினீர்கள்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.