ஹாஜரா பீவி எழுதிக்கொடுத்த வீடு

ஹாஜரா பீவியிடம் யாரும் லேசில் வம்புக்குப் போகமாட்டார்கள். காய்க்காரி ஒரு சொத்தைக் கத்தரிக்காயைப் போட்டுவிட்டால்கூட அடுத்த தெருவரை விரட்டிப்போய்க் கையில் திணித்துவிட்டு வருகிறவள். அவளையே ஒருத்தர் ஏமாற்றினார் என்றால், அவர் எப்பேர்ப்பட்ட எத்தனாக இருக்க வேண்டும்!

முத்துக்குமாரசாமி அப்பேர்ப்பட்டவர்தான். தென்காசிக்குக் கிழக்கே, கீழப்பாவூர் போகிற பாதையில், ஒரு மானாவாரிக் குளத்தை ஒட்டிக் கிடந்த தரிசை வாங்கிக் கல் நட்டு மனை பிரித்து, ‘சாரல் நகர்’ என்று பலகை வைத்தார். முகப்பு மனையில் மாதிரிக்கு ஒரு ஓட்டுவீடும் கட்டினார். ஐம்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம், குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கிய வாரம், அந்த வீட்டைப் பார்க்க ஹாஜரா பீவி தன் புருஷன் மூசாவோடு போனாள். மூசா நெசவாளி. தரையில் குழி தோண்டி, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறி அவனுடையது. வாடகை வீட்டில் குழி தோண்டினால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். குழி தோண்டச் சொந்தமாக ஒரு தரை வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

மேல்காற்று சிலுசிலுவென்று வந்தது. சாரல் தூறியது. முத்துக்குமாரசாமி குடையை விரித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

“நல்லாப் பாத்துக்கிடும்மா. வெயில்ல காட்டி விக்குத ஆளு நான் இல்ல. மழையிலயே காட்டுதேன். எங்கனயாச்சும் பொட்டுத் தண்ணி நிக்கா?”

நிற்கவில்லைதான். அங்கேதான் கெட்டது காரியம். சாரல் ஒரு மழையா? தூறிவிட்டு வெயிலடித்தால் தரை காய்ந்துபோகும். ஐப்பசியில் கொட்டுகிறதே, அதுதானே இந்தப் பக்கத்து மானாவாரிக் குளங்களை நிரப்புகிற மழை! இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் சாரல் முகத்தில் பட்டதும் தென்காசிக்காரர்களுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும், மற்றதெல்லாம் மறந்துபோகும். வெளியூர்க்காரனாவது நாலு கேள்வி கேட்டிருப்பான். பட்டா சுத்தம், வில்லங்கம் இல்லை, மழையிலும் பார்த்தாயிற்று என்று, கழுத்திலும் காதிலும் கிடந்ததை விற்று வீட்டை வாங்கிவிட்டாள்.

ஐப்பசியில் குளம் பெருகியது. முதலில் தறிக்குழியில் ஊற்றாகக் கசிந்தது. மறுநாள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தீபாவளிக்கு நெய்துகொடுக்க வேண்டிய நூலெல்லாம் அழுகி நாறிப்போனது. ஈரப் புடவையோடு அவள் முத்துக்குமாரசாமி வீட்டுக்கு ஓடினாள். அவர் நாலு பேரோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“தண்ணி வந்தா மீனும் வந்திருக்குமே! பிடிச்சுக் கொழம்பு வையி, போ” என்றார். நாலு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை அவள் மறக்கவேயில்லை. தறி போய், மூசா புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை மூட்டை தூக்கப் போனான். தோள் காய்த்து வந்து படுத்தவனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. “வித்துட்டுப் போயிருவோம்ட்டி” என்று அவன் கெஞ்சினான்.

“இன்னொருத்தி தலையில கட்டவா? மாட்டேன். அந்த ஆளு தலையிலதான் கட்டுவேன். அதுவரைக்கும் இங்கனதான் கெடப்பேன்” என்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் சாரலில் மனை பார்க்க ஆள் வந்தால், முகப்பு வீட்டு வாசலில் இவள் நிற்பாள். “பத்திரத்த மட்டும் பாத்தாப் போதுமா? கெணத்துச் சுவர்ல பாசி எம்புட்டு ஒசரத்துக்கு ஏறியிருக்குன்னு பாருங்க. ஆடு மேய்க்கவன்கிட்டக் கேளுங்க. ஐப்பசியில ஒருநா வந்து பாத்துட்டுப் பெறவு துட்டக் குடுங்க!” வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போவார்கள். ஐந்து வருஷத்தில் ஒரு மனை விற்கவில்லை. நட்ட கல்லெல்லாம் புல் மூடிவிட்டது.

கடைசியில் புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர் வீரபாகு, எல்லா மனைகளையும் மொத்தமாக வாங்கிக்கொள்ள வந்தார். முகப்பு வீடும் சேர்ந்தால்தான் என்றார். வேறு வழியில்லாமல் முத்துக்குமாரசாமி அவள் வாசலுக்கு வந்து நின்றார். அவள் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார்.

“தாரேன் அண்ணாச்சி. ஆனா பத்திரம் எங்க தெருப் பத்திர எழுத்தர் கிதிர் முகம்மதுதான் எழுதணும். எனக்குப் படிக்கத் தெரியாது பாருங்க. வெள்ளிக்கிழமை வச்சுக்கிடுவோம், உங்களுக்கும் விசேஷமான நாளு” என்றாள்.

வெள்ளிக்கிழமை என்றதும் மனுஷனுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்குப் பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும் என்பது ஹாஜரா பீவிக்கும் தெரியும். வேண்டுமென்றே தாமதித்துத்தான் பதிவு ஆபீசுக்குப் போனாள். முத்துக்குமாரசாமி கடியாரத்தைப் பார்த்துப் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

கிதிர் முகம்மது பத்திரத்தை நீட்டி, “ஒருக்க வாசிச்சுப் பாத்திருங்க அண்ணாச்சி” என்றார்.

“வாசிக்கதுக்கு என்ன இருக்கு, எம் மனைதானல! நேரம் போவுது, கையெழுத்தப் போடச் சொல்லும்!”

அவர் விற்றே பழகியவர், வாங்கிப் பழகாதவர். ஹாஜரா பீவி கைநாட்டு வைத்தாள். பத்திரம் பதிவாகிவிட்டது.

பத்து நாள் கழித்து ஆபீசிலிருந்து திரும்பி வந்த பத்திரத்தை வாங்கி வாசித்தது வீரபாகுதான். நாலு எல்லை எழுதுகிற இடத்தில் இப்படி இருந்தது: ‘கிழக்கே குளம், மேற்படி குளத்துத் தண்ணீர் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் இந்த வீட்டிலும் சாரல் நகர் முழுவதிலும் முழங்கால் உயரம் நிற்பதைத் தெரிந்தே, வாங்குபவர் சம்மதித்து வாங்குகிறார்.’ இனி அந்த வீட்டை யார் வாங்க வந்தாலும் இந்தப் பத்திரத்தை வாசிக்காமல் வாங்க முடியாது. வீரபாகு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புளியங்குடிக்கு பஸ் ஏறிவிட்டார்.

முத்துக்குமாரசாமி தென்காசிக்குள் ஹாஜரா பீவி குடியேறியிருந்த புது வீட்டைத் தேடி மூச்சிரைக்க வந்தார். உள்ளே மூசா தறிக்குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

“பாவி! ஒனக்குத்தான் துட்டு வந்துட்டே, வீடும் வந்துட்டே! எனக்கு இனிமே ஒரு மனை விக்குமா? இப்பிடி எழுதுனதுல ஒனக்கு என்னட்டி லாபம்?”

ஹாஜரா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்.

“எனக்கு ஒரு லாபமும் இல்ல அண்ணாச்சி. நான் நல்லா இருக்கணும்னு எழுதல. நீரு நல்லா இருக்கப்பிடாதுன்னு எழுதுனேன்.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.