பத்தாவது மாடி மங்களம்

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சிறிய அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் தரவுத்தளத்தைப் பல வருடங்களாகக் கவனித்துவருபவள் சிவதர்ஷினி. எதையாவது அழிக்க வேண்டுமென்றால், எதெல்லாம் அழியப்போகிறது என்று முதலில் திரையில் கொண்டுவந்து பார்ப்பாள். ஒரு நகல் எடுத்து வைத்த பிறகே கை வைப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கும் ஒருமுறை சறுக்கியது. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகிச் சாப்பாடு வீணாவதாக மேலாளர் ரத்னவேல் குறைப்பட்டார். இரட்டைப் பதிவுகளை நீக்க கணினியில் தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். பெயர், பிறந்த தேதி, அடுக்குமாடிக் கட்டடத்தின் புளோக் எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒன்று போய்விடும். வீட்டு எண்ணை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்ததால் அதை விட்டுவிட்டாள். திரையில் பார்த்தபோது எல்லாமே இரட்டையாகத்தான் தெரிந்தன; நகல் எடுத்துவிட்டு ஓடவிட்டாள்.

புதன்கிழமை, சாப்பாட்டு வேன் ஓட்டும் திலீப் போன் செய்தான்.

"அக்கா, உட்லண்ட்ஸ்ல பத்தாவது மாடி மங்களம் ஆன்ட்டி பேரு ரெண்டு நாளா லிஸ்ட்ல வரல. ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு நெனச்சேன். இப்பத்தான் லிஃப்ட்கிட்ட பாத்தேன், வீட்லதான் இருக்காங்க லா."

சிவதர்ஷினி நகலைத் திறந்தாள். அதே புளோக்கில் நான்காவது மாடியில் இன்னொரு மங்களம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத இருவருக்கும் அடையாள அட்டையில் ஒரே வருடம், ஜனவரி ஒன்று என்றே போட்டிருந்தார்கள். அழிந்த பதிவை நகலிலிருந்து உடனே திரும்பச் சேர்த்துவிட்டாள். ஆனால் திலீப்பின் வேனில் பொட்டலம் எதுவும் மிச்சமில்லை. சிராங்கூன் சாலையில் சாப்பாடு வாங்கிக்கொண்டு அவளே ரயில் ஏறினாள்.

கதவைத் திறந்த மங்களம் பொட்டலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன வாரம் சாம்பார்ல உப்பே இல்லன்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டேன். அதனாலதான் நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன்மா."

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே, ஆன்ட்டி?"

"எப்படிக் கேக்கறது? குறையும் சொல்லிட்டு, சாப்பாடும் கேக்கறதா? பிஸ்கட் இருந்துச்சு."

சிவதர்ஷினி பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"உப்புக்காக இல்ல ஆன்ட்டி. கீழ இருக்கற மங்களத்தையும் உங்களையும் ஒரே ஆளுன்னு நான்தான் தப்பா எழுதிட்டேன். மன்னிச்சிருங்க."

மங்களத்தின் முகம் இளகியது. "அவ்வளவுதானா? உள்ள வா. நீ சாப்பிட்டியா?"

சோறு எக்கச்சக்கமாக இருந்தது. இருவரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

அலுவலகம் திரும்பியதும் அவள் முதலில் ஸ்கிரிப்டிலிருந்து அழிக்கும் வரியை நீக்கினாள். இனி அந்த ஸ்கிரிப்ட் சந்தேகப்படும் பெயர்களை எடுத்துக் காட்டும்; அவ்வளவுதான். யாராவது போனில் பேசி உறுதி செய்த பிறகே ஒரு பதிவு நீங்கும்.

"இதுக்கு ரொம்ப நேரமாகுமே, தர்ஷினி," என்றார் ரத்னவேல்.

"ஆகும் சார்," என்றவள், போனில் முதல் எண்ணை அழுத்தினாள்.